எனக்கு வாய்த்த மாமியார்

மாமியார் என்று சொன்னாலே நம்மில் பல பேருக்குப் பெருமூச்சு வரும். நாலு பெண்கள் ஓரிடத்தில் கூடினால் பாதி நேரம் மாமியார் பேச்சுத்தான். நானும் அந்த மாதிரிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். என் முறை வரும்போது, "உனக்கென்னம்மா, நீ கொடுத்து வைத்தவள்!" என்று மற்றவர்களே சொல்லிவிடுவார்கள். உண்மைதான். 1977-ல் கல்யாணமாகி அந்த வீட்டுப் படியேறிய நாள் முதல், 2005-ல் அவர்கள் கண்ணை மூடிய நாள் வரை, இருபத்தெட்டு வருஷம் நாங்கள் ஒரே அடுப்பில் சமைத்தோம்.

குறையே இல்லாத மனுஷி என்று சொல்ல மாட்டேன். குழம்பில் உப்புக் கூடினால் சொல்லாமல் விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் அன்று மத்தியானம் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆனாலும் 'பக்தி' என்ற வார்த்தையை யாராவது சொன்னால் என் கண் முன்னால் வருவது அந்த முகம்தான்.

நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவள். கணவரின் ஊர் திருநெல்வேலிச் சீமையில், மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். 1986-ல் மாவட்டம் பிரிந்த பிறகு தூத்துக்குடி மாவட்டமாகிவிட்டது. சிவந்த தேரி மணல், பனங்காடு, முருங்கை மரம், கருப்பட்டி வாசனை - இவ்வளவுதான் ஊர். மெஞ்ஞானபுரம் கோயிலின் ஊசிக் கோபுரம் வெகு தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச் என்று சொல்ல மாட்டார்கள், கோயில் என்றுதான் சொல்வார்கள். குருவானவரை 'ஐயர்' என்பார்கள். நானும் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள்தான் என்றாலும், முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அத்தை பிறந்தது 1926-ல். அவர்களுடைய அப்பா பனையேறியவர். அவர் இறக்கிய பதநீரை அம்மா காய்ச்சிக் கருப்பட்டியாக்கி விற்றுத்தான் குடும்பம் நடந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்பிள்ளையை மெஞ்ஞானபுரத்துப் போர்டிங் பள்ளியில் சேர்த்ததே அந்தக் காலத்தில் பெரிய காரியம். அத்தை படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனார்கள். 1962-ல் மாமா நெஞ்சு வலியில் போய்விட்டார். அத்தைக்கு வயது முப்பத்தாறு. கையில் மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைதான் என் கணவர்.

விடியற்காலம் நாலு மணிக்கு அத்தை எழுந்துவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவி, அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு, வேதபுத்தகத்தை விரித்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அசைய மாட்டார்கள். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கும். அதுதான் ஜெப நோட்டு. யார் யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியாக எழுதி வைத்திருப்பார்கள். காரியம் நடந்துவிட்டால் அந்த வரியின் ஓரத்தில் தேதி போட்டு ஒரு 'டிக்'. உறவுக்காரர்கள் மட்டுமா அதில் இருப்பார்கள்? பால்காரக் கோனாரின் மாட்டுக்கு வந்த நோய், எதிர்வீட்டு அக்கா மகளின் பிரசவம், பஸ் கண்டக்டரின் வேலை நிரந்தரம் - எல்லாம் இருக்கும். எதிர்வீட்டு அக்கா முத்தாரம்மன் கோயில் கொடைக்கு நேர்ந்துகொள்கிறவள். "டீச்சர், என் பேரையும் நோட்டில எழுதிக்கோங்க" என்று உரிமையோடு வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

ஐந்து மணிக்கு நோட்டை மூடினால் வேலை ஆரம்பம். நோட்டில் எழுதிய பேர்களுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் முதல் வேலை! பிரசவமான வீட்டுக்கு ஒரு சொம்பு பால் போகும். வேலை நிரந்தரமாக வேண்டியவருக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பார்கள். "ஜெபம் பண்ணியாச்சே அத்தை" என்று நான் ஒரு தரம் சிரித்தேன். "ஜெபம் பண்ணினதுனாலதாம்மா போறேன். பண்ணாம இருந்திருந்தா மறந்துல்லா போயிருக்கும்" என்றார்கள்.

சமையலறையில் ஒரு மூடி போட்ட தகர டப்பா இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வழக்கம் இது. தனியாக எடுத்து வைத்தால் கொடுத்தது போலத் தோன்றும். சமைக்கிற அரிசியிலிருந்தே எடுத்தால், நம் சாப்பாட்டில் பங்கு போடுகிறோம் என்று தெரியும் அல்லவா? கஷ்ட காலத்திலும் அந்த டப்பா காய்ந்ததில்லை என்று என் கணவர் சொல்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில் 1981 நவம்பரில் எங்கள் இரண்டாவது குழந்தை பிறந்தாள். மூத்தவன் பையன், இது பெண். வீடே சந்தோஷத்தில் மிதந்தது. குழந்தை நல்ல நிறம், நல்ல எடை. முகத்துக்கு நேரே சிரித்தால் சிரிப்பாள்.

1982 கிறிஸ்துமஸ் இரவு. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு வெடி வெடிப்பார்கள். கோயில் மணி விடாமல் அடிக்கிறது, தெரு முழுக்கச் சரவெடி. மூத்தவன் பயந்து என் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். சின்னவள் தொட்டிலில் ஆடாமல் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். "சமர்த்து!" என்று நான் கன்னத்தை வழித்து முத்தினேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கடுத்த மூன்று நாளும் அத்தை என்னவோ செய்துகொண்டிருந்தார்கள். குழந்தைக்குப் பின்னால் நின்று கரண்டியால் தட்டைத் தட்டுவதும், கதவைப் படீரென்று சாத்துவதும், கைதட்டுவதும்... நான்காவது நாள் பிள்ளைகள் தூங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"ஏ பிள்ள, ஒண்ணு சொல்லணும். பதறாதே. பாப்பாவுக்குக் காது கேக்கல போலத் தெரியுது. மூணு நாளாச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

என் தலையில் இடி விழுந்தது போல் ஆகிவிட்டது. அத்தை என் கையை விடவில்லை. "அழணும்னா இன்னைக்கு அழுதுடு. நாளைக்கு பாளையங்கோட்டைக்குப் போறோம்" என்றார்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் காது டாக்டர் பொறுமையாகப் பரிசோதித்தார். பல கேள்விகள் கேட்டார். சொந்தத்தில் கல்யாணமா என்றார், இல்லை என்றேன். கர்ப்பமாக இருந்தபோது காய்ச்சல் வந்ததா, உடம்பில் சிவப்பாகத் தடித்ததா என்றார். மூன்றாம் மாதம் அப்படி இரண்டு நாள் வந்து தானாகப் போனது நினைவுக்கு வந்தது. ருபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மையாக இருந்திருக்கலாம், தாய்க்கு அது சாதாரணக் காய்ச்சல் போலப் போய்விடும், வயிற்றுக் குழந்தையின் காதையோ கண்ணையோ இருதயத்தையோ பாதிக்கும் என்று விளக்கினார். நரம்புக் கோளாறு, மருந்தில் குணமாகாது என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு இல்லாத வசதிகள் இன்று உங்களுக்கு இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி பெரிய இயக்கமாகப் போடப்பட்டது. இப்போது குழந்தைக்கு ஒன்பது மாதத்தில் ஒரு தடவையும், ஒன்றரை வயதை ஒட்டி இன்னொரு தடவையும் போடுகிறார்கள். தவற விடாதீர்கள். கல்யாணமான பெண்கள், ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கர்ப்பமாவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமான பிறகு அதைப் போட மாட்டார்கள். பிறந்த குழந்தைக்கே வலியில்லாமல் காதைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. பெரிய சத்தத்துக்குக் குழந்தை திடுக்கிட வேண்டும். ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வயதில் ஒன்றிரண்டு சொல்லாவது வர வேண்டும். இல்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். இன்று காக்ளியர் இம்பிளான்ட் என்ற ஆபரேஷன் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். சின்ன வயசிலேயே செய்தால்தான் முழுப் பலன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். விஷயம் வெளியே தெரிந்ததும் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்களில் சிலர் என் மனசைக் குத்திவிட்டுப் போனார்கள். "யார் செஞ்ச பாவமோ!" என்று ஒரு கிழவி என் முகத்துக்கு நேரே சொன்னாள். அத்தை அடுக்களையிலிருந்து வந்தார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, 'இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா' என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்ன கதையை அந்தக் கிழவிக்கு ஞாபகப்படுத்தினார்கள். பிறகு, "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

அத்தைக்கு உண்மையான சோதனை 1983-ல் வந்தது. பக்கத்து டவுனில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். பெரிய மைதானம், ஒலிபெருக்கி, ஆயிரக்கணக்கில் ஜனங்கள். நோயாளிகளை மேடையில் ஏற்றி ஜெபிப்பார்கள் என்றார்கள். அத்தையின் அண்ணன் முன்கூட்டியே போய்ப் பேசி, எங்கள் குழந்தையை மேடையில் ஏற்ற ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். என் கணவருக்கும் ஆசை. பெற்ற வயிறு, எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? கிணற்றில் விழுந்தவள் எந்தக் கயிறு கிடைத்தாலும் பிடிப்பாள். நான் குழந்தைக்குப் புதுக் கவுன் போட்டுத் தலை வாரிவிட்டேன்.

அத்தை வாசலில் வந்து நின்றார்கள். "கூட்டத்துக்குப் போவோம். உக்காந்து ஜெபம் பண்ணுவோம். மேடைக்குப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம்."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கே விசுவாசம் இல்லைன்னா வேற யாருக்கு இருக்கும்?" என்று கத்தினார்.

அத்தை உள்ளே போய் வேதபுத்தகத்தை எடுத்து வந்து மாற்கு எழுதின சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தை விரித்தார்கள். காது கேளாத, வாய் திக்குகிற ஒருவனை இயேசுவிடம் கொண்டு வருகிற கதை அது. "அண்ணே, இதை எத்தனை தரம் படிச்சிருப்போம்! ஆண்டவர் முதல்ல என்ன செஞ்சார்? அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியாக் கூட்டிட்டுப் போனார். சுகமாக்கின பிறகும் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னார். காது கேக்காதவனை ஆயிரம் பேர் நடுவில நிறுத்தினா அவனுக்கு என்ன தெரியும்? வாயை வாயை அசைக்கிறது தெரியும், எல்லாரும் தன்னையே பாக்கிறது தெரியும். பயந்து போவான். அவருக்கு அது தெரிஞ்சிருந்தது. இந்தப் பிள்ளையும் பயந்து போகும். என் பிள்ளையை நான் வேடிக்கையாக்க மாட்டேன்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் மறுபடி எங்கள் வீட்டுப் படி மிதிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. மாதர் சங்கத்திலும் பேச்சு வந்தது. 'டீச்சரம்மாவுக்கு ஆஸ்பத்திரி மேலதான் நம்பிக்கை' என்று சில பேர் ஜாடையாகப் பேசினார்கள். இருபது வருஷமாக அந்தச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர்களுக்கு இது எவ்வளவு வலித்திருக்கும்! ஆனால் ஒரு கூட்டத்துக்குக்கூட அவர்கள் போகாமல் இருக்கவில்லை. பின் வரிசையில் பாயில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள்.

அன்று இரவு நான் கேட்டேன். "அத்தை, பாப்பாவுக்குக் காது கேக்கணும்னு நீங்க ஜெபம் பண்ணலையா?"

"பண்ணாம இருப்பேனா? தினம் பண்ணுதேன். கேக்க வேண்டியதைக் கேப்பேன். கேட்டது கிடைக்கிற வரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காருன்னு எந்த அதிகாரத்திலயும் போடலையே! நாளையிலேருந்து பிள்ளைக்குப் பேச்சு சொல்லிக் கொடுக்கப் போறேன்."

சொன்னபடியே ஆரம்பித்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த கை. 1984-ல் ரிடையராகிவிட்டார்கள், அதற்குப் பிறகு முழு நேரமும் இதே வேலை. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கியது. அங்கே போய் டீச்சர்கள் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து வீட்டில் செய்தார்கள். ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்து 'ப' என்றால் காகிதம் ஆடும், 'ம' என்றால் ஆடாது. 'ம'வுக்கு மூக்கில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும். குழந்தையின் கையைத் தன் தொண்டையில் வைத்து, பிறகு அதன் தொண்டையிலேயே வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து 'அப்பா', 'அப்பா' என்று காகிதத்தை ஆட்டுவார்கள். ஒரு நாளா, இரண்டு நாளா? மாதக்கணக்கில்!

காது மிஷின் ஒன்று வாங்கினோம். இப்போது போலக் காதுக்குள் மறைவது இல்லை. தீப்பெட்டியைவிடப் பெரிய பெட்டி, அதிலிருந்து காதுக்கு வயர். அதை வைக்க அத்தை எல்லாக் கவுனிலும் நெஞ்சுக்கு நேரே பை தைத்தார்கள். "பையன்களுக்குப் பாக்கெட் இருக்கு, என் பேத்திக்கு இருக்கக் கூடாதா?" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த மிஷினால் சத்தம் இருக்கிறது என்று தெரிந்ததே தவிர, சொல் தெரியவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சமையலறையில் இரண்டாவது டப்பா ஒன்று வந்தது அப்போதுதான். உலை வைக்கும்போது இரண்டு பிடி. ஒரு பிடி கோயிலுக்கு, இன்னொரு பிடி பிள்ளைக்கு. அந்த அரிசியை மாதக் கடைசியில் விற்று, மிஷினுக்கு பேட்டரியும் பாளையங்கோட்டைக்கு டிக்கெட்டும் வாங்கினோம். கோயில் டப்பாவில் கையை வைக்காமலே வழி கண்டுபிடித்துவிட்டார்கள்!

இன்னொன்றும் நடந்தது. எங்கள் வீட்டில் தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். கீர்த்தனை ஒன்று பாடி, ஒரு சங்கீதம் வாசித்து, எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள அத்தை ஜெபிப்பார்கள். ஒரு நாள் நடுவில் நிறுத்திவிட்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால், சின்னவள் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் திடீரென்று கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டால் அவளுக்கு என்ன புரியும்?

"நாம கண்ணை மூடினா இது தனியாயிடுது. இனிமே இந்த வீட்டில கண்ணைத் திறந்துதான் ஜெபம்" என்றார்கள் அத்தை. விளக்கை நகர்த்தித் தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி வைத்தார்கள். குழந்தையை நேர் எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு சொல்லாக, உதடு தெரிய நிதானமாக ஜெபித்தார்கள். புதிதாக வந்த ஐயர் ஒரு நாள் எங்கள் வீட்டு ஜெபத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார். அத்தை காரணம் சொன்னதும் அவரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார்.

1986 ஜூனில் பாளையங்கோட்டைப் பள்ளியில் அவளை ஹாஸ்டலோடு சேர்த்தோம். நாலரை வயது. அவளை விட்டுவிட்டு வந்த அன்று நான் சோறு தின்னவில்லை. அத்தை தின்றார்கள், ஆனால் ராத்திரி முழுவதும் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். மாதம் இரண்டு சனிக்கிழமை அத்தைதான் போவார்கள். நாசரேத்துக்கு பஸ்ஸில் போய், திருச்செந்தூர் பாசஞ்சரைப் பிடித்துப் பாளையங்கோட்டையில் இறங்குவார்கள். மீட்டர் கேஜ் ரயில், மெதுவாகத்தான் போகும். ஓலைக் கொட்டானில் முந்திரிக்கொத்தும் அவித்த பனங்கிழங்கும் இருக்கும். அங்கே பிள்ளைகள் தங்களுக்குள் கையால் பேசிக்கொள்வார்களாம். அறுபது வயதில் அத்தை அந்தக் கைப்பாஷையையும் பேத்தியிடமே கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

சின்னவள் படித்தாள். பேச்சு நம்மைப் போல் தெளிவாக வராது. பழகியவர்களுக்குத்தான் புரியும். ஆனால் கடிதம் எழுதினால் முத்து முத்தாக இருக்கும். பள்ளிப் படிப்பை முடித்து, கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிக்கக் கற்று, தூத்துக்குடியில் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் ஆச்சிக்கு வெள்ளைச் சேலை வாங்கி வந்தாள்.

2005 ஜூலையில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நினைவு நன்றாக இருந்தது, நாம் சொல்வதெல்லாம் புரிந்தது. ஆனால் குரல் வரவில்லை. உதடு அசையும், காற்றுத்தான் வரும். வாழ்க்கை முழுவதும் பேசியும் பாடியும் ஜெபித்தும் வந்த வாய்! தண்ணீர் வேண்டுமா, புரட்டிப் படுக்க வைக்கவா என்று நாங்கள் மாற்றி மாற்றிக் கேட்போம். சில சமயம் புரியாமல் நாங்கள் தவிப்போம், அவர்கள் கண்ணில் நீர் வழியும்.

தகவல் கிடைத்து சின்னவள் லீவு போட்டு வந்தாள். கட்டிலுக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலைத் திறந்து ஆச்சியின் முகத்தில் வெளிச்சம் விழும்படி செய்தாள். அத்தையின் உதடு அசைந்தது, இடது கை கொஞ்சம் எழுந்தது. அவள் எங்களைத் திரும்பிப் பார்த்து, தன் குழறலான பேச்சில் சொன்னாள்: "முதுகு எரியுதாம்மா. பாய் மடிஞ்சிருக்காம்."

துணியை நீக்கிப் பார்த்தோம். பாய் மடிப்பு முதுகை அழுத்தி, தோல் சிவந்து கிடந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அத்தைக்கு அவள்தான் வாய். என்ன வேண்டும், என்ன வேண்டாம், யாரைப் பார்க்க வேண்டும் - எல்லாம் அவள் மூலம்தான் எங்களுக்கு வரும். ராத்திரி குடும்ப ஜெபத்தை அத்தை உதட்டாலும் இடது கையாலும் நடத்துவார்கள், சின்னவள் எங்களுக்கு எடுத்துச் சொல்வாள். காது கேட்கிற நாங்கள் ஐந்தாறு பேரும் கண்ணை அகலத் திறந்து அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்போம். செப்டம்பரில் ஒரு விடியற்காலை, வழக்கமாக எழுந்திருக்கும் அதே நேரத்தில், அத்தையின் மூச்சு அடங்கிவிட்டது. வயது எழுபத்தொன்பது. கோயிலில் துக்க மணி அடித்தபோது சின்னவள் மணிக்கூண்டுச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து நின்றாள். அதிர்வு வழியாக மணியை அறிய ஆச்சி சொல்லிக்கொடுத்த வழி அது.

காரியங்கள் முடிந்த பிறகு ஜெப நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. 1983-ம் வருஷத்து நோட்டில் எங்கள் சின்னவள் பேர் இருந்தது. 'காது கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் 'டிக்' இல்லை. அடித்தும் விடவில்லை. அடுத்த நோட்டு, அதற்கடுத்த நோட்டு என்று கடைசி நோட்டு வரைக்கும் அந்த வரி புதிதாக எழுதப்பட்டு, 'டிக்' இல்லாமலே வந்துகொண்டிருந்தது. அதன் கீழே வேறு வரிகள் இருந்தன. 'அப்பா என்று சொல்ல வேண்டும்' - தேதி, டிக். 'ஹாஸ்டலில் அழாமல் இருக்க வேண்டும்' - தேதி, டிக். 'எழுதப் படிக்க வேண்டும்' - தேதி, டிக். 'வேலை' - தேதி, டிக். 'நல்ல துணை' - அதற்கு மட்டும் தேதி போட அத்தை இல்லை. 2008-ல் அவளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளைக்கும் காது கேட்காது, தங்கமான குணம். கல்யாணத்தன்று ராத்திரி நான்தான் அந்த வரிக்குத் தேதி போட்டேன்.

கிடைத்ததற்கு நன்றி சொல்லி, கிடைக்காததைக் கிடைத்ததாகப் பொய் சொல்லாமல், இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டு போனார்கள் என் அத்தை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிர்வீட்டு அக்காவும் அப்படித்தான் சொல்வாள்.

இப்போது என் பேரனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. வாயாலும் பேசுவான், கையாலும் பேசுவான். அவன் லீவுக்கு வந்தால் இன்றும் எங்கள் வீட்டில் கண்ணைத் திறந்துதான் ஜெபம்.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ காது கேளாத குழந்தை இருந்தால், அதைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்வதற்கு முன்னால் அதன் முகத்துக்கு நேரே போய் உட்காருங்கள். விளக்கு உங்களுக்குப் பின்னால் வேண்டாம், உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும். நிதானமாக, உதடு தெரியப் பேசுங்கள். உங்களுக்கு முதல் பதில் ஒரு சிரிப்பாகத்தான் வரும். மற்றதெல்லாம் பிறகு வரும்.